ரோமில் ஒரு வார இறுதி: டிக்கெட்டில் என் பெயர் எங்கே?

ரோமின் பழங்கால அரங்கமான கொலோசியத்துக்கான டிக்கெட்டை இடைத்தரகர் இணையதளங்களில் வாங்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. விசா, விமானம், விடுதி எல்லாம் ஒழுங்காகவே நடந்தன.

அதிகாரபூர்வத் தளத்தில் நாங்கள் பார்த்தபோது விலை 18 யூரோ. பக்கத்திலேயே பழைய ரோமின் இடிபாடுகள் இருக்கும் ரோமன் ஃபோரமும் பாலடைன் குன்றும் அதிலேயே அடக்கம். ஆனால் 30 நாட்களுக்கு முன்புதான் விற்பனை திறக்கும், சனி ஞாயிறு நேரங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். கணவருக்கு விடுப்பு உறுதியாகியபோது அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே ஒரு முகவர் தளத்தில் இரு மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினோம்.

2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் டிக்கெட்டில் பார்வையாளரின் பெயரும் இருக்கும். வாசலில் அதைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எனக்கோ பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்பா பெயரின் முதலெழுத்தோடு வளர்ந்த நம்மில் பலருக்கும் அப்படித்தான். படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை. அதற்கென்று முகவருக்குத் தனியாக எழுதி, "சரி, கவனித்துக்கொள்கிறோம்" என்ற பதிலும் வாங்கிவைத்திருந்தேன். அவர்கள் கவனித்துக்கொண்ட லட்சணம் வாசலில்தான் தெரிந்தது: இரண்டு டிக்கெட்டிலும் கணவர் பெயர்!

"இவர் இரண்டு பேரா?" என்று கேட்டார் வாசலில் இருந்த பெண். சிரிக்கவில்லை. முகவரின் தொலைபேசியில் இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஒதுக்கிய நேரமோ கரைந்துகொண்டிருந்தது. "நீங்கள் போய்வாருங்கள், நான் வெளியில் இருக்கிறேன்" என்று நான் சொல்ல, "போனால் இரண்டு பேரும் போவோம்" என்று அவர் நின்றுவிட்டார்.

காப்பாற்றியது காகிதம். எதையும் அச்செடுத்துக் கோப்பில் செருகிவைப்பது அவர் வழக்கம். அதற்காக நான் கேலி செய்யாத பயணமே கிடையாது. அந்தக் கோப்பில் இருவர் பெயரும் இருந்த முன்பதிவுக் கடிதமும் முகவரின் பதிலும் இருந்தன. மேற்பார்வையாளர் வந்து இரண்டையும் பாஸ்போர்ட்டுகளோடு வைத்துப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கையைக் காட்டி உள்ளே அனுப்பினார். இந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வார இறுதிப் பயணம் என்றால் கொலோசியம் டிக்கெட் கைக்கு வந்த பிறகு விமான டிக்கெட் போடுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

உள்ளே போனால் கி.பி. 80இல் பேரரசர் டைட்டஸ் திறந்துவைத்த அரங்கம். களத்தின் தரை பெரும்பகுதி இல்லாததால், விலங்குகளையும் வீரர்களையும் அடைத்துவைத்த நிலவறைச் சுவர்கள் மேலிருந்தே தெரிகின்றன. அதைப் பார்த்ததும் பாதிக் கோபம் போனது. மாலையில் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், அப்போது 5 யூரோ, எந்தச் சிக்கலும் இல்லை. வெயிலில் பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். தெருவெங்கும் இருக்கும் இரும்புக் குழாய்களில் ஓடுவது நல்ல குடிநீர்.

அடுத்தது வத்திக்கான். அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமை டிக்கெட் கிடைக்கவில்லை. விடுதி வரவேற்பில் இருந்தவரிடம் கேட்டபோது, "ஞாயிற்றுக்கிழமை இலவசம், நேரே போங்கள்" என்றார். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும்தான் இலவசம், அதுவும் பன்னிரண்டரை மணிக்குள் நுழைந்துவிட வேண்டும். மற்ற ஞாயிறுகளில் கதவே திறக்காது என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்.

அதிகாலையிலேயே புனித பேதுரு பேராலயத்துக்குப் போனது நல்லதாயிற்று. ஏழு மணிக்குத் திறக்கிறது, அப்போது பாதுகாப்புச் சோதனை வரிசை நீளமில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதியால் எங்கள் முன்னால் ஒரு குடும்பமே திருப்பி அனுப்பப்பட்டது. சுடிதார் துப்பட்டாவோடு நான் நிமிர்ந்து உள்ளே போனேன். கோபுர உச்சிக்கு 551 படி. லிஃப்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் 320 படி ஏறியே ஆக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசியுங்கள். கடைசிப் பகுதியில் கோபுரத்தின் வளைவோடு சுவரும் சாய்வதால், நாமும் ஒருக்களித்தபடிதான் ஏற வேண்டியிருக்கிறது.

இறங்கியதும் மதிலோரமாகவே நடந்து அருங்காட்சியக வாசலுக்குப் போனோம். பூட்டு. எங்களைப் போலவே ஏமாந்த நாலைந்து பேர் அங்கே நின்றிருந்தார்கள். திரும்பி வந்தால், பன்னிரண்டு மணிக்கு ஜன்னலில் தோன்றும் போப்பைப் பார்க்கச் சதுக்கம் முழுவதும் கூட்டம். அருங்காட்சியகத்தின் வழியாகத்தான் போக முடியும் என்பதால், சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ வரைந்த கூரை ஓவியத்தைப் பார்க்காமலே ரோமிலிருந்து திரும்பினோம்.

விடுதியைக் காலி செய்யும்போது வரவேற்பில் அதே ஆள். நகர வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, ரொக்கமாக மட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை விவரம் தெரியாத மனிதருக்கு அந்தக் கணக்கு மட்டும் காசு பிசகாமல் தெரிந்திருந்தது.