தோட்டத்துப் பிள்ளையும் மதுரை வாசிப்பு வட்டமும்

மதுரையில் வீடு தேடியபோது "சிலோனா? அப்ப அகதியா?" என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. படிக்க வந்தவள், விசா இருக்கிறது, வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவும் முடித்துவிட்டேன் என்று காகிதத்தை நீட்டினாலும் "எதுக்கும்மா வம்பு" என்று கதவைச் சாத்தினார்கள். என் பூட்டன் சிவகங்கைப் பக்கத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய அந்தக் கால மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர் என்ற கதையெல்லாம் அங்கே எடுபடவில்லை. கடைசியில் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு டீச்சரம்மா மாடி அறையைக் கொடுத்தார். பல்கலைக்கழகம் பக்கம்தான்.

ஊர் பிடிபட்டது என்னவோ வாசிப்பு வட்டத்தில்தான். ஞாயிறு காலை, காந்தி மியூசியம் வளாகத்து மரத்தடி. பல கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஒருவர் பத்தியை வாசிப்பார், புரியாதவர் நிறுத்திக் கேட்கலாம். உண்மையில் புரிந்தவர்கள்தான் அதிகம் நிறுத்துவார்கள். எல்லோரும் எல்லோருக்கும் 'தோழர்'. எங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கக்காரரைத் 'தலைவர்' என்றே கூப்பிட்டுப் பழகிய எனக்கு அது வாயில் வர நாளாயிற்று. அதுவரை 'அண்ணே' போட்டுச் சமாளித்தேன்.

மார்க்ஸின் 'மூலதனம்' நூலை முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கவில்லை. சரக்கு, மதிப்பு என்று ஆரம்பித்தால் மூன்றாம் வாரம் ஆளிருக்காது என்றார்கள் மூத்தவர்கள். வேலைநாள், எந்திரம், ஆதித் திரட்டல் (முதலாளிகளுக்கு முதன்முதலில் மூலதனம் சேர்ந்த கதை) பற்றிய பகுதிகள்தான் வாசிக்க எளியவை, உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள் என்று மார்க்ஸே நண்பர் குகல்மானுக்கு எழுதியிருக்கிறார். அது 1867, நூல் வந்த ஆண்டு. இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்டதும் அதே 1867தான். இதைச் சொன்னதும் வட்டத்தில் எனக்கு மவுசு கூடிவிட்டது.

வேலைநாள் வாசித்த அன்று அரைப்பேரைப் பற்றிச் சொன்னேன். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறினாலும், குறித்த கிலோ கொழுந்து வந்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். தராசில் கூடைக்கென்று கொஞ்சம், ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனபோது பல தோட்டங்களில் கிலோவையும் ஏற்றிவிட்டார்கள். தாத்தா மதுரை ஹார்வி பஞ்சு மில்லில் வேலை பார்த்த ஒரு தம்பி, "இது நாள்கூலியா, பீஸ் ரேட்டா?" என்று கேட்டான். எது தோட்டத்துக்கு லாபமோ அது என்றேன். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு பத்தி நகரவில்லை.

சண்டை வந்தது ஆதித் திரட்டலில். குடியானவனை நிலத்தைவிட்டு விரட்டித்தான் இங்கிலாந்தில் கூலியாளை உண்டாக்கினார்கள் என்கிறது அந்தப் பகுதி. மேலூர்த் தோழர், "எங்க ஆளுக கையில நெலமே இருந்ததில்லையே, எதைப் புடுங்குனாங்க?" என்றார். ஒருவர் 1876இன் தாது வருஷப் பஞ்சத்தை இழுத்தார். நான் துண்டு முறையைச் சொன்னேன். ஆள் திரட்டி வந்த கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளி பேரில் கடனாக ஏறும். கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு இருந்தால்தான் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம், புதுத் தோட்டத்துத் துரை (மேலாளர்) கடனை அடைத்து ஆளை எடுப்பார். 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். "இங்க பண்ணையாளுக்கு நடந்ததும் அதான" என்றார் மேலூர்த் தோழர். ஜாதியை விட்டுவிட்டு இதை மதுரையில் வாசிக்க முடியாது என்பது அவர் வாதம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

மக்கள் தங்களுக்குள் சம்மதித்துத்தான் அரசு உண்டாகிறது என்னும் ரூசோவின் சமூக ஒப்பந்தத்தைப் பேசிய வாரம், ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் தங்கை வாயைத் திறந்தாள். அவள் குடும்பமும் தோட்டத்துக் குடும்பம்தான். 1977 இனக்கலவரத்தில் வவுனியாவுக்குப் போய், அப்புறம் படகேறியவர்கள். அவள் இங்கேயே பிறந்து பி.காம். முடித்தும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் தோட்டத்துத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்களே, "அந்த ஒப்பந்தத்துல எங்க பாட்டியை யாரு கேட்டா?" என்றாள். ரூசோவுக்கு வக்காலத்து வாங்க அன்றைக்கு யாரும் வரவில்லை.

அடுத்து காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. டி.கல்லுப்பட்டியில் தங்கி வேலை செய்தவர், நம்ம ஊர்க்காரர் மாதிரி என்கிறார்கள். அவருடைய தற்சார்புக் கிராமத்தில் சேரி எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்க வேண்டும். முதல் பத்தி வாசிக்கும் முறை என்னுடையது.