‘துப்பாக்கியோடு வராதீர்கள்’ என்று சொல்ல மூன்று பலகை வேண்டும்

ஒரு வழியாகப் பலகைகளை மாட்டியாயிற்று. டெக்சஸில் உணவகம், மளிகைக்கடை, பாட்டு வகுப்பு என்று ஏதாவது நடத்தும் நம் ஆட்கள் இதே வேலையில் இறங்கினால், என் அலைச்சலில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஹூஸ்டன் புறநகரில் நானும் மைத்துனரும் சேர்ந்து ஒரு டிபன் கடை நடத்துகிறோம். 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே 21 வயதானவர், வேறு சட்டத் தடை இல்லாவிட்டால், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது தெரிந்த கதை. கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில்தான் மாநிலம் நம்மைப் படுத்துகிறது. துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கும் லைசென்ஸ்காரருக்குத் தண்டனைச் சட்டத்தின் 30.06-ஆம் பிரிவு. வெளியே தெரியும்படி வைத்திருக்கும் லைசென்ஸ்காரருக்கு 30.07. லைசென்ஸே இல்லாதவருக்கு 30.05. மூன்றுக்கும் தனித்தனி வாசகம், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். எழுத்து குறைந்தது ஓர் அங்குல உயரம், பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும் நிறம். துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்திருப்பவர்களே, லைசென்ஸ்காரரை அது ஒன்றும் செய்யாது.

எங்களுக்கு இந்த யோசனை வந்தது ஒரு சனிக்கிழமை இரவு. தன் குழந்தைக்கு உயர நாற்காலியை இழுக்கக் குனிந்தவரின் சட்டை மேலேறி, இடுப்பிலிருந்த பிஸ்டல் தெரிந்தது. பக்கத்து மேஜை அக்கா சாம்பார் வடையை அப்படியே வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. நல்ல மாதிரிதான், டிப்ஸும் தாராளம். ஆனாலும் மறுநாளே அக்கா போன் செய்து, “பலகை போடுங்க, இல்லைன்னா பிள்ளைகளோட இனி வரமாட்டேன்” என்றார்.

முதல் இடி அச்சுக் கடையில். “எங்களிடம் ரெடியாக இருக்கிறது, எல்லாக் கடைக்காரர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள்” என்று எடுத்து நீட்டினார்கள். வாங்கி மாட்டினோம். வாடிக்கையாய் வரும் தம்பி ஒருவர், தானே லைசென்ஸ் வைத்திருப்பவர், வாசலில் நின்று படித்துவிட்டுச் சிரித்தார். “அண்ணா, இது பழைய வாசகம். 2016-க்கு முன்னாடி ‘மறைத்து வைக்கும் கைத்துப்பாக்கிச் சட்டம்’னு இருந்ததை ‘கைத்துப்பாக்கி உரிமச் சட்டம்’னு மாத்திட்டாங்க. அச்சு அசலா சட்டத்துல இருக்கிற வார்த்தைதான் இருக்கணும்.” அதோடு விட்டாரா? பையிலிருந்து ஒரு குவார்ட்டர் (25 சென்ட்) நாணயத்தை எடுத்து எழுத்தின் மேல் வைத்தார். அந்த நாணயம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன எழுத்துகள் அதன் பின்னால் முழுசாக மறைந்துபோயின. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை (கேப்பிட்டல்) மட்டும் ஓர் அங்குலத்துக்கு வைத்து, மற்றதையெல்லாம் அதற்கேற்ப சின்னதாக்கியிருந்தார்கள்.

அச்சுக் கடையில் போய்க் கேட்டால், வாங்கிய பொருளைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று கையை விரித்தார்கள். நல்லவேளை, ஆர்டர் மின்னஞ்சலில் ‘எல்லா எழுத்தும் ஓர் அங்குலம்’ என்று மைத்துனர் எழுதியிருந்தார். அதைக் காட்டிய பிறகுதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். ஆகவே வாயால் ஆர்டர் சொல்லாதீர்கள். முழுக்கப் பெரிய எழுத்தில்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வாசகத்தை டெக்சஸ் மாநிலச் சட்ட நூலகத்தின் தளத்தில், துப்பாக்கிச் சட்டங்களுக்கான வழிகாட்டிப் பக்கத்தில் தொடங்கிச் சரிபாருங்கள். ஓர் அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டு, நான் அடித்திருப்பது சரியா என்று கேட்டேன். நீண்ட நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, “சட்ட ஆலோசனை தரமாட்டோம்” என்று வைத்துவிட்டார்கள்.

அப்புறம் இடம். இரண்டு மொழியில் ஓர் அங்குல எழுத்தில் அந்த நீள வாசகத்தை அடித்தால் ஒவ்வொரு பலகையும் ஒரு சுவரொட்டி அளவுக்கு வந்து நிற்கிறது. கண்ணாடிக் கதவில் கடை நேரம், கார்டு கம்பெனி ஸ்டிக்கர்கள், வார இறுதி பிரியாணி விளம்பரம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. கதவை விட்டுப் பக்கத்துக் கண்ணாடியில் மாட்டலாம் என்றால் வளாகத்தை நிர்வகிப்பவர்களின் அனுமதி வேண்டும், குத்தகைப் பத்திரத்தில் அப்படி ஒரு வரி. அங்கிருந்த பெண்மணி முதலில் “இது அரசியல் பலகை” என்றார். பிறகு, பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்சேபிப்பார்கள் என்றார். பிறகு என் மின்னஞ்சலே வரவில்லை என்றார். கடைசியில் சட்டப் பிரிவின் நகல், கண்ணாடியின் அளவு, பலகை எங்கே வரும் என்று காட்டும் படம் மூன்றையும் ஒரே கோப்பாக்கி, அவருடைய மேலாளருக்கும் நகல் போட்டு அனுப்பினேன். அன்று மாலையே அனுமதி வந்தது! முதலிலேயே இப்படி அனுப்பிவிடுங்கள். பின் வாசல் வழியாகவும் வாடிக்கையாளர் வருவதுண்டு என்றால் அங்கேயும் ஒரு செட் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

பலகை வரும்வரை என்ன செய்தோம் என்றால், சட்டத்திலேயே ஒரு சந்து இருக்கிறது. 30.06, 30.07 இரண்டிலும் எழுத்து மூலமான அறிவிப்பு என்பது பலகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு அட்டையாகவும் இருக்கலாம். ஓர் அங்குலக் கணக்கெல்லாம் பலகைக்குத்தான், அட்டைக்குக் கிடையாது. விசிட்டிங் கார்டு அளவில் வாசகத்தை அடித்துக் கல்லாவில் அடுக்கி வைத்தோம். இந்த அலைச்சலில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம் தந்தது அந்தச் சின்ன அட்டைதான்.

வீட்டுக்குள் சண்டை வேறு. மைத்துனருக்கு 30.07 மட்டும் போதும்: கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கியைப் பற்றி நமக்கென்ன கவலை என்பார். வாட்டபர்கர் என்ற பர்கர் கடைத் தொடர் 2015-இல் எடுத்த நிலையும் அதுதான், வெளியே தெரிய வேண்டாம், மறைத்து வைத்த லைசென்ஸ்காரர் வரலாம். எனக்கு அது ஒப்பவில்லை. அன்று அக்கா பார்த்தது மறைத்து வைத்த துப்பாக்கியைத்தானே?

நாணயம் வைத்த தம்பியின் வாதம் வேறு. “கெட்டவன் உங்க போர்டைப் படிச்சிட்டுத் திரும்பிப் போயிடுவானா அண்ணா?” அவர் சொன்னது இதே டெக்சஸில் இருக்கும் கில்லீன் ஊர்க் கதை. 1991 அக்டோபர் 16, லூபிஸ் உணவகத்தின் கண்ணாடியை உடைத்து வண்டியை உள்ளே விட்டவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே சாப்பிட வந்திருந்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்குப் பயந்து துப்பாக்கியைக் காரில் விட்டு வந்தவர், கண் முன்னே அப்பா அம்மா இருவரையும் இழந்தார். மறைத்து எடுத்துச் செல்லும் உரிமைக்காகப் பேசி, பிறகு மாநிலச் சட்டமன்றத்துக்கே போனார். அந்த உரிமையைத் தந்து 1995-இல் ஆளுநர் புஷ் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பின்னால் அந்த உணவகம் இருக்கிறது. இதை முட்டாள்தனமான வாதம் என்று என்னால் தள்ள முடியவில்லை. ஆனால் ஞாயிறு காலை எங்கள் கடையில் சாம்பார் வாளியோடு ஆள் நடக்கவே இடமிருக்காது, மேஜைக்கு இரண்டு குழந்தைகள். அந்த நெரிசலில் நல்லவர் சுடுவதும் யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. என் கவலை அது.

எரிச்சல் இன்னொன்றிலும் இருக்கிறது. நான் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று இந்த மாநிலம் எடுத்துக்கொள்கிறது. 2023-இல் ஹவாய் இதைத் தலைகீழாகப் போட்டது: கடைக்காரர் சரி என்று சொன்னால்தான் உள்ளே கொண்டுவரலாம். அந்த விதியை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இங்கே அளவுகோலும் கையுமாக அலைய வேண்டியவன் கடைக்காரன்.

பலகையை மீறி வந்த லைசென்ஸ்காரருக்கு அபராதம் 200 டாலர் வரைதான். நேரில் சொல்லியும் போக மறுத்தால் அது பெரிய குற்றம்: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். சொன்னவுடன் கிளம்பிவிட்டால், 2019-இல் வந்த திருத்தப்படி வழக்கில் அதையே அவர் தன் எதிர்வாதமாக வைக்கலாம். அதனால் வேலை செய்யும் பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: பக்கத்தில் போய் மெதுவாக ஒருமுறை சொல்லுங்கள், அட்டையைக் கொடுங்கள், வாதாடாதீர்கள். போகவில்லை என்றால் 911. பலகை மாட்டிய அன்று அளவுகோலை எழுத்தின் பக்கத்தில் பிடித்துத் தேதி தெரியப் போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை நட்சத்திர விமர்சனம் சில வந்தன, ‘சுதந்திரத்துக்கு எதிரான தோசை’ என்று ஒருவர். அக்கா பிள்ளைகளோடு வருகிறார். தம்பியும் வருகிறார், காரில் பூட்டும் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். காரை உடைத்து அதை யாராவது தூக்கிப்போனால் பாவம் உங்களுக்குத்தான் என்று இன்றைக்கும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் நெய் ரோஸ்ட் ஆர்டர் செய்தார்.