தொட முடியாத தட்டுகளில் தாளம்: மூன்றாவது மாதம்

ஒரு குகை. நடுவில் நிற்பவரைச் சுற்றி ஏழு தட்டுகள் மிதக்கும். அடித்தால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் தரும், அடியின் வேகத்துக்கு ஏற்பச் சுவர் ஒளிரும். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் நான் கட்டிவரும் விஆர் (மெய்நிகர்) மேடை இதுதான். முதல் மாதம் முழுக்கக் குகைக்கே போயிற்று. நீர்வீழ்ச்சி, மின்மினி எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் வாசித்துப் பார்த்தேன். வாசிக்கவே முடியவில்லை.

கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றி வயர் செருகியதும் பாதி சரியாயிற்று. அடுத்தது ஆடியோ பஃபர், அதாவது ஒலியை வெளியே விடும் முன் சேர்த்துவைக்கும் இடம். 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலித் துணுக்கு) 1024 சாம்பிள் என்றால் 21 மில்லிசெகண்டு தாமதம். 256-க்கு இறக்கினால் சுமார் 5. இறக்கினேன், ஒலி படபடவென்று வெடித்தது. ஹெட்செட்டின் பிராசசர் நீர்வீழ்ச்சியை வரைவதிலேயே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நீர்வீழ்ச்சியைத் தூக்கிவிட்டேன். மின்மினிகளை விட மனசு வரவில்லை. பத்து மட்டும் மிச்சம்.

இசைக்கருவியின் தாமதம் 10 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்று கணினி இசை ஆய்வாளர்கள் டேவிட் வெசலும் மேத்யூ ரைட்டும் 2002-இல் எழுதினார்கள். விநாடிக்கு 90 முறை படம் மாறும் 90 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமே (ஒரு படமே) 11 மில்லிசெகண்டு. கணக்கு ஆரம்பத்திலேயே உதைக்கிறது.

அதனால் கொஞ்சம் ஏமாற்ற வேண்டியிருந்தது. கை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 20 மில்லிசெகண்டு தாமதத்தில் 4 சென்டிமீட்டர் நகரும். கண்ணுக்குத் தெரியும் தட்டுக்கு 4 சென்டிமீட்டர் மேலே, தெரியாத இன்னொரு பரப்பு வைத்து ஒலியை அங்கேயே கிளப்பினேன். வேகமான அடி கச்சிதமாக விழுந்தது. மெதுவாகத் தட்டினாலோ, கை சேரும் முன்பே சத்தம் வந்து நின்றது! இப்போது அந்தப் பரப்பு கையின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. இந்த ஒரு மாற்றம்தான் குகையைக் கருவியாக்கியது.

தெரமின் என்ற மின்னணு இசைக்கருவியையும் தொடாமல்தான் வாசிக்கிறார்கள். ஆனால் அது இழுத்து ஒலிக்கும் கருவி. தாளத்துக்கோ, அடி விழுந்த கணம் கைக்குத் தெரிந்தாக வேண்டும். வெறுங்கையால் வாசிக்கும் ஆசையை விட்டு, கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்குத் திரும்பினேன். ஒரு சின்ன அதிர்வு போதும், கை தட்டைத் துளைத்துக்கொண்டு போனாலும் மனம் நம்பிவிடுகிறது.

நண்பனிடம் கொடுத்துப் பார்த்தேன். என்னைவிடக் குள்ளமானவன், ஐந்து நிமிடத்தில் தோள் வலிக்கிறது என்றான். நான் என் உயரத்துக்கே எல்லாவற்றையும் தொங்கவிட்டிருந்தேன். இப்போது தொடங்கும்போதே ஹெட்செட்டின் உயரத்தைப் படித்து, தட்டுகள் முழங்கை மட்டத்துக்கு இறங்கிக்கொள்கின்றன. கூடவே குகையும் சுருங்கியது. சுவர் தள்ளியிருந்தபோது ஒளி ஓரக்கண்ணில்கூடப் படவில்லை என்றான்.

நேற்று இருவரும் மாறி மாறிக் கால் மணி நேரம் வாசித்தோம். இடது கையால் வேகமாக அடித்தால் ஐந்தாவது தட்டு மட்டும் இரண்டு முறை ஒலிக்கிறது. கை மேலே திரும்பும்போதும் அடியாகக் கணக்கிடுகிறதோ என்று சந்தேகம். அப்படியென்றால் மற்ற ஆறும் ஏன் ஒழுங்காக இருக்கின்றன?