பதினோராம் பாட்டில் வந்த வேண்டுதல்

மீனாட்சியம்மன் சன்னிதியில் வரிசை நகரும் வேகத்துக்கு நமக்குக் கிடைப்பது சில நொடிகள். அதற்குள் மகள் கல்யாணம், மகன் வேலை, முழங்கால் வலி என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே "நகருங்க, நகருங்க" என்பார்கள். வெளியே வந்தபின், அம்மன் என்ன நிறப் பட்டு உடுத்தியிருந்தாள் என்பதுகூட நினைவில் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டதில் தரிசனம் போய்விட்டது.

கேட்க வேண்டியதைப் பொற்றாமரைக் குளத்திலேயே கேட்டுவிடுங்கள். அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்தால் அம்மன் சன்னிதிக்கு முன்பே குளம் வந்துவிடும். தென்கரையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, இரண்டு பொன் விமானங்களையும் பார்த்தபடி மனத்தில் இருப்பதையெல்லாம் இறக்கி வையுங்கள். பகல் 12:30 மணியளவில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் 11 மணிக்குள் வந்துவிடுவது நல்லது. கடைசி நேர ஓட்டத்தில் வாய் முணுமுணுக்கும், மனம் கடிகாரத்தைப் பார்க்கும்.

அம்மனிடம் வாங்கிய குங்குமத்தில் மீதியைத் தூணிலோ சிற்பத்தின் கையிலோ தட்டாதீர்கள். தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

பிறகு சுவாமி சன்னிதி. விழுந்து வணங்குவது கொடிமரத்தடியில் மட்டும். உள்ளே எந்தப் பக்கம் கால் நீட்டினாலும் அங்கே ஒரு சன்னிதி இருக்கும். சுவாமி கிழக்கு நோக்கி இருப்பதால் தலை வடக்கே, கால் தெற்கே. ஆண்களுக்கு எட்டு அங்கம் தரையில் பட வேண்டும், பெண்களுக்கு ஐந்து.

திருநீறு உள்ளங்கையில் விழும்போது திருஞானசம்பந்தரின் 'மந்திரமாவது நீறு' பதிகத்தை நினைக்காமல் இருக்க முடியாது. பாண்டியனின் வெப்பு நோய் தீர இதே ஆலவாயில், அதாவது மதுரையில், பாடியது. அரசன் உடல் கொதித்துக் கிடக்கிறான், எதிரே சமணர்கள் நிற்கிறார்கள். அப்படி ஓர் அவசரத்திலும் முதல் பத்துப் பாட்டில் அரசனின் நோயைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முழுக்க நீற்றின் பெருமை. 'தென்னன் உடலுற்ற தீப்பிணி' என்று பாண்டியனின் நோய் வருவது பதினோராம் பாட்டில்தான், அதுவும் பாடியாகிவிட்டது என்று சொல்லும் இடத்தில். வேண்டுதல் அங்கே பக்திக்குப் பின்னால், கைகட்டி நிற்கிறது. நாம் பத்துப் பாட்டையும் தாண்டிக் குதித்து நேரே பிணிக்குப் போய்விடுகிறோம்.

முடிந்தால் இரவு பள்ளியறை பூஜைக்கு இருங்கள். சுவாமியின் பாதுகை பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளும். நாதஸ்வரம் முன்னே போகும். பல்லக்கு தாண்டும்போது வழியை விட்டு ஒதுங்கி, கைகூப்பி நின்றால் போதும்.