மாடியில் ஒரு குழாய்

ஏப்ரல் 5
அப்பா இன்றுதான் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தார். பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தால் அது நடக்காது. மொட்டைமாடிக்கு விரட்டினேன். வேலை கொடுக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்துவிடுவார்கள், அதனால் நிழல் அளக்கச் சொன்னேன். பெயின்ட் டப்பாவில் மணல், நடுவில் அரை மீட்டர் பிவிசி குழாய். உச்சிவேளையில் நிழல் 7.5 செ.மீ. சரி, பொழுது போகிறதே.

ஏப்ரல் 6
பெரியவள் நோட்டைத் தாத்தாவிடம் காட்டியிருக்கிறாள். "குழாய் நேரா நிக்குதா? யாரு பார்த்தா?" முப்பத்தைந்து வருஷ மேஸ்திரி, விடுவாரா? பரணிலிருந்து தூக்குக்குண்டை எடுக்கச் சொன்னார். குண்டு ஆடி நிற்கும்வரை சின்னவன் மூச்சே விடவில்லை. குழாய் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. நிமிர்த்திய பிறகு 5.6. நேற்றைய எண்ணை அடித்துவிட்டாள்.

ஏப்ரல் 7
அப்பாவின் டெஸ்ட் ரிப்போர்ட் வரவில்லை.

ஏப்ரல் 10
பன்னிரண்டு மணிக்கு அளப்பது தப்பாம். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. குரோம்பேட்டை அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வர சராசரியாக ஒன்பது நிமிடத்துக்கு மேல் பிந்தும், நாளைப் பொறுத்துச் சில நிமிடம் முன்பின்னாகும். பன்னிரண்டிலிருந்து இரண்டிரண்டு நிமிடமாக நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைத்தார்கள். மிகக் குட்டையானது 12.10க்கு: 4.3. தரை கொதிக்கிறது, கோணிப்பையை நனைத்துப் போட்டேன்.

இன்று கன்னியாகுமரியில் நிழலில்லா நாள்: உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாத நாள். நமக்கு 24. அங்கிருந்து இங்கே வர இரண்டு வாரம். "நடந்தேவா வருது?" என்றான் சின்னவன்.

ஏப்ரல் 12
குழாயும் நிழலும் ஒரே நீளமாகும் நேரத்தில் தென்னையின் நிழலை அளந்தால் அதுதான் மரத்தின் உயரம். மூன்றேகாலுக்கு அந்த நேரம் வந்தது. நிழலின் தலை பக்கத்து வீட்டு மாமியின் துளசிமாடம் வரை போய்விட்டது, டேப்போடு சுவர் ஏறிக் குதித்தார்கள். மாமி திட்டவில்லை, மோர் கொடுத்தார். முப்பத்தொன்பதரை அடி. அப்பா படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நாப்பது. இதுக்கு எதுக்கு டேப்பு?" என்றார்.

ஏப்ரல் 13
பத்து நாள் என்றுதான் சொன்னார்கள். இன்று பதினான்காவது நாள். போன் செய்தால், "சாம்பிள் வெளியூர் லேபுக்குப் போயிருக்கும்மா" என்கிறார்கள். போயிருக்கிறதா, போயிருக்கலாமா? தமிழில் அந்த ஒரு எழுத்துக்கு இவ்வளவு இடம் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. எடுத்து வெளியே வரும்போது டாக்டர் முகம் எப்படி இருந்தது என்று இவரைக் கேட்டேன். "மாஸ்க் போட்டிருந்தார்" என்றார். இரவு இரண்டு மணிக்குக் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். "தண்ணி ஓடுதே" என்றார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 14
மாங்காய்ப் பச்சடி. அப்பா ஒரு கரண்டி கேட்டு வாங்கினார். வேப்பம்பூவைத் தள்ளி வைக்கவில்லை. 3.0.

ஏப்ரல் 15
மதுரையிலிருந்து அக்கா மகன் படம் அனுப்பினான்: மாடியில் மெழுகுவர்த்தி, நிழலைக் காணோம். அடுத்த படத்தில் மெழுகுவர்த்தியே வளைந்து கிடந்தது. பெரியவளுக்குப் பொறாமை.

ஏப்ரல் 16
மேகம். கட்டம் காலி.

ஏப்ரல் 18
1.8. போன் வந்தது. ரிப்போர்ட்டை போனில் சொல்ல மாட்டார்களாம், டாக்டரே பேசுவாராம். 24, பதினொன்றரை. நல்ல சேதி என்றால் போனிலேயே சொல்லியிருக்க மாட்டார்களா? "எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறார் இவர். எல்லாரும் யார்?

ஏப்ரல் 19
அன்றைக்கு நிழல் மறையும் 12.07க்கு நான் இங்கே இருக்க மாட்டேன் என்று பெரியவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 21
அப்பா மாடிப்படியில் நான்கு படி ஏறினார். ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே, "டப்பா நகர்ந்துடப் போகுது, சுத்திக் கோடு போட்டு வை" என்று கத்தினார். மேலே 0.9.

ஏப்ரல் 23
தூக்கம் இல்லை. அப்பாவுக்கும்.

ஏப்ரல் 24
டோக்கன் 17. பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனது 11. அப்பா என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 12.05க்கு, "வா, வெளிய போவோம்" என்றார். "டோக்கன், அப்பா." "வர்றதுக்குள்ள கூப்பிட மாட்டாங்க."

வாசலில் வண்டிகள் நிற்குமிடத்தில் 'நோ பார்க்கிங்' கம்பம் ஒன்று. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றிவந்து பார்த்தார். அடியில் நிழல் இல்லை. கம்பத்தின் மேல் கைவைத்து, ஒரு கண்ணை மூடி, மேலிருந்து கீழே நோட்டம் விட்டார். "நேராத்தான் நட்டிருக்கான்."

போன் அடித்தது. வீட்டிலிருந்து. பின்னால் சின்னவன் "பூஜ்யம், பூஜ்யம்" என்று கத்துவது கேட்டது. போனை அப்பாவிடம் கொடுத்தேன். உள்ளே 17ஐக் கூப்பிட்டார்கள்.

ஏப்ரல் 26
நிழல் இப்போது தெற்கே திரும்பிவிட்டது. அளக்க