நெகேமியா ஏழாம் அதிகாரமும் 41 பெயர்களும்

சென்ற ஆகஸ்ட் மாதம், இலங்கையில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆலயத்தில் ஐந்து நாள் நடந்த வாலிபர் முகாமில் ஊழியம் செய்ய, கேரளத்தின் குளத்துப்புழையிலிருந்து நாங்கள் ஆறு பேர் போய்வந்தோம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, கோட்டை நிலையத்திலிருந்து மலைரயிலில் ஹட்டன் போய்ச் சேர்ந்தோம். என் அம்மாயி இதே தண்டவாளத்தில்தான் இறங்கி வந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் கரைசேர்ந்து, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகு எங்கள் ஊருக்கு அனுப்பப்பட்டார் என்பது பயணம் முழுவதும் என் நினைவில் இருந்தது.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். 1964-ஆம் ஆண்டில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் வேலைக்குப் போய்க் குடியேறிய இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவு செய்தது. அவ்வாறு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஆரியங்காவுக் கணவாய்க்கு இப்புறம் குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர்த் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. அந்தத் தோட்டங்களை நடத்தும் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் 1976-இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. கொழுந்து கிள்ளிப் பழகிய கைகள் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தன. பள்ளியிலும் கடைத்தெருவிலும் மலையாளம், வீட்டிலும் ஆலயத்திலும் தமிழ் என்று நாங்கள் வளர்ந்தோம். இன்றும் அக்கம்பக்கத்தார் எங்களைச் சிலோன்காரர் என்றே அழைக்கிறார்கள்.

மூன்று மாதம் ஆயத்தப்பட்டோம். பாடல்கள், ஒரு குறுநாடகம், ஆளுக்கொரு சாட்சி, மேற்படிப்பைப் பற்றி இரண்டு அமர்வுகள் என்று எல்லாவற்றையும் நேரம் குறித்து வைத்திருந்தோம். முதல் இரண்டு நாள் அப்படியே நடந்தன. ஏறக்குறைய அறுபது வாலிபர்கள் வந்திருந்தார்கள். பாதிப்பேர் கொழும்புக் கடைகளில் வேலை செய்பவர்கள், முகாமுக்காக விடுப்பு எடுத்து வந்தவர்கள். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், கைதட்டினார்கள். ஆனால் நாங்கள் கொண்டுபோன எதுவும் அவர்களுக்குப் புதிதல்ல என்பது எனக்கு விரைவில் விளங்கிற்று. அந்த மலைகளில் காப்பி பயிரான காலத்திலேயே, 1854-இல், தோட்டத் தமிழர்களுக்கென்று தனி ஊழியம் தொடங்கிவிட்டது. நாங்கள் கற்றுக்கொடுக்கப் போன கீர்த்தனைகளை அந்தப் பிள்ளைகள் எங்களைவிட நன்றாகவே பாடினார்கள்.

மூன்றாம் நாள் காலைத் தியானத்துக்கு அங்குள்ள போதகர் ஐயா நெகேமியா ஏழாம் அதிகாரத்தை எடுத்தார். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்களின் பெயர்ப்பட்டியல் அது. வேதம் வாசிக்கும்போது நம்மில் பலர் தாண்டிப்போகும் இடம். ஐயா அதை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வம்ச அட்டவணையைத் தேடியும் அதில் தங்கள் பெயரைக் காணாததால் ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டவர்களைச் சொல்லும் வசனம் வந்தபோது, அவர் வேதாகமத்தை மூடிவிட்டு, இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தகப்பன் இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்ட சட்டம் அது. லயத்து அறைகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்களிடம் அப்படிப்பட்ட காகிதம் ஏது? இப்படி நாடற்றவர்களானவர்களின் குறையைத் தீர்க்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

தியானம் முடிந்ததும் ஒரு தங்கை என்னிடம் வந்தாள். “அக்கா, எங்கள் தாத்தாவின் தங்கச்சி புனலூர்ப் பக்கம் போனதாகச் சொல்வார்கள். கடிதம் நின்று பல வருஷம் ஆகிறது. அங்கே இருக்கிறார்களா?” என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் நின்றார்கள். எங்கள் நாடகம் அன்று நடக்கவில்லை. அதற்காக வைத்திருந்த தாள்களைக் கிழித்துச் சீட்டுகளாக்கி, போனவரின் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், போன வருஷம் ஆகியவற்றை எழுதச் சொன்னோம். வெளியே மழை விடாமல் பெய்தது. பலர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, பாட்டிமாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். மாலைக்குள் சுவரில் 41 சீட்டுகள் ஒட்டப்பட்டன. கூடலூர், கோத்தகிரி, புனலூர் என்று சிலவற்றில் ஊர்ப்பெயர் இருந்தது; பலவற்றில் வெறும் ‘இந்தியா’. ஒரு சீட்டில், ‘கிளி அத்தை, 1972, கப்பல் ஏறும்போது கைக்குழந்தை’ என்பதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. இரவு ஜெபத்தில் ஐயா அந்த 41 பெயர்களையும் உரக்க வாசித்தார். நான் பங்கெடுத்த எந்த ஆராதனையிலும் அத்தனை அமைதியை அறிந்ததில்லை.

ஆறு பேரின் பயணச்செலவை அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு அனுப்பியிருக்கலாமே என்று எங்கள் சபையில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. காணிக்கைப் பணத்தைத் தொடாமல் சொந்தச் செலவில்தான் போனோம் என்றாலும், அது முழுப் பதிலாகாது என்று அவரிடமே சொன்னேன். குறுகிய கால ஊழியமாகப் போகிறவர்கள், அங்கே வருஷக்கணக்காக உழைக்கும் சபை எதைக் கேட்கிறதோ அதைச் செய்துவிட்டு வர வேண்டும் என்பதே இப்போது என் உறுதியான எண்ணம். எங்களிடம் அவர்கள் கேட்டது அந்தப் பெயர்களைத்தான்.

திரும்பிவந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்தபின் பட்டியலை எங்கள் ஆலயத்தில் வாசித்தோம். நான்கு பெயர்களை முதியவர்கள் அடையாளம் கண்டார்கள். அவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள். கிளி அத்தையைப் பற்றி இதுவரை ஒரு தகவலும் இல்லை. கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் உரிய சீட்டுகளை அங்குள்ள சபைகளுக்கு அனுப்பியிருக்கிறோம். உயிரோடிருக்கும் இருவரில் ஒருவர், எங்கள் வீட்டுக்கு மூன்று வரிசை தள்ளிக் குடியிருக்கும் ஒரு பாட்டி. அவருடைய அண்ணன் பேரனோடு வாட்சப்பில் பேசவைத்தோம். முகத்தைப் பார்த்ததும் அழுவார் என்று நான் எண்ணியிருந்தேன். அவரோ கைப்பேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “ஆறாம் நம்பர் மலையில் இன்னும் கொழுந்து எடுக்கிறார்களா, காடாகப் போட்டுவிட்டார்களா?” என்று முதலில் கேட்டார். எடுக்கிறார்கள் என்றும், அவன் அம்மா அன்று காலையில் அந்த மலையில்தான் நின்றார் என்றும் அவன் சொன்னான்.