எட்டு அடியில் ஒரு பருவம்

பருவம் முடிந்ததும் கல்லூரி ஆசிரியர் நிரப்பும் தன்மதிப்பீட்டுப் படிவம் எத்தனை வகுப்பு, எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு என்றுதான் கேட்கும். ஆய்வைப் பாதியில் விட்டுப்போன மாணவி ஏன் இன்னும் மனத்தை அரிக்கிறாள் என்று கேட்காது. அதை யோசிக்கக் கவிதை நல்ல கருவி. கவிஞராக இருக்கத் தேவையில்லை.

நடந்ததை அன்றே நோட்டில் ஒரு பக்கம் உரைநடையாக எழுதிவிட்டு, ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு அகப்பாடலின் முறைப்படி பிரியுங்கள். முதற்பொருள், அதாவது இடமும் பொழுதும். கருப்பொருள், அங்கே இருந்தவை: திருத்தாத அத்தியாயம், ஆறிப்போன டீ, காலியான நாற்காலி. உரிப்பொருள், எழுந்த உணர்வு. முதல் இரண்டை மட்டும் கொண்டு நான்கு முதல் எட்டு அடிக்குள் எழுதுங்கள். குறுந்தொகையின் அளவு அது. உணர்வின் பெயர் வரக் கூடாது. ‘வருத்தம்’ என்று எழுதியதுமே யோசனை நின்றுவிடுகிறது. எந்தப் பொருளை நீக்கினால் பாட்டு சரிகிறதோ, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பெரும்பாலும் கெடுவது கடைசி அடி. பாடம் நடத்திப் பழகிய கை அங்கே தீர்ப்பு எழுதிவிடும். அதை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. இங்கும் அதே கண்டிப்பு வேண்டும். பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ஆய்வுத் தலைப்பும் ஆண்டும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். துறை வாட்ஸ்அப் குழுவில் பகிரவே கூடாது.

மாணவர் கருத்துத்தாள்களிலிருந்தும் கவிதை செய்யலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் லாரல் ரிச்சர்ட்சன் 36 பக்க நேர்காணல் பதிவை மூன்று பக்கக் கவிதையாக்கியபோது, பேசியவரின் சொற்களையே பயன்படுத்தினார். அதே கட்டுப்பாடு இங்கும் வேண்டும்: வெட்டலாம், வரிசை மாற்றலாம், சொந்தச் சொல் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மாணவர் குரல் போய் நம் சமாதானம் வந்துவிடும்.

சொல் வராதவர்கள் ஏ3 தாளில் பணிக்காலத்தை ஓடும் நதியாக வரையலாம். 20 நிமிடம் போதும். பலர் பதவி உயர்வுகளை மட்டும் குறித்துத் தன்விவரக் குறிப்பை வரைந்துவிடுகிறார்கள். நீர் வற்றிய இடங்களை முதலில் வரைந்தால் இது நேராது.

ஒவ்வொன்றிலும் தேதி போட்டு வையுங்கள். மூன்று பருவமாக விடைத்தாள் கட்டே திரும்பத் திரும்ப வந்தால், அது மனச்சோர்வு மட்டுமல்ல, வேலைப் பங்கீட்டுச் சிக்கல். துறைக் கூட்டத்தில் எழுப்ப வேண்டியது அது.